மாத்திரை எட்டாத வளையம்: கல்லீரல் செல்லுக்குள் ஹெபடைட்டிஸ் பி வைரஸ்

வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் 'ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்' (இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் அடையாளம் இருக்கிறது) என்று எழுதி, 'அன்ஃபிட்' என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். முகாமில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தவரை இரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டுச் சொல்கிறார்கள். கர்ப்பிணிக்கு முதல் செக்கப்பில் தெரியவருகிறது. ஹெபடைட்டிஸ் பி நம் ஊரில் பெரும்பாலும் இப்படி, வேறு எதற்கோ போன இடத்தில்தான் வெளிப்படுகிறது. காய்ச்சல் இல்லை, காமாலை இல்லை, பசியும் குறையவில்லை. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்பார்கள். அது உண்மையும்கூட. மருத்துவர் சிலருக்கு மாத்திரை எழுதுவார். சிலரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்வார். மாத்திரை தொடங்கியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?" பல சமயம் கிடைக்கும் பதில், "நீங்களாக நிறுத்தாதீர்கள்."

இதைக் கேட்டதும் பலருக்கு மனசு விட்டுப்போகிறது. மருந்து சரியில்லை போலிருக்கிறது என்று வேறு வைத்தியம் தேடிப் போகிறார்கள். சிலர் கொஞ்ச காலம் சாப்பிட்டு, ரிப்போர்ட் நன்றாக வந்ததும் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் இந்த வைரஸ் பெருகும் வழியில், மாத்திரை வேலை செய்யும் கட்டத்துக்கு முன்னாலேயே இன்னொரு கட்டம் இருக்கிறது. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸ் தன் டிஎன்ஏவை ஒரு சிறு வளையமாக நிலைநிறுத்திவிடுகிறது. ரிப்போர்ட்டில் வரும் சொற்கள், மாத்திரையின் எல்லை, பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஊசி போடும் அவசரம் எல்லாமே அந்த வளையத்தோடு சம்பந்தப்பட்டவை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022-ல் உலகில் 25 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த வைரஸோடு வாழ்ந்தார்கள். இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 3 கோடி. அந்த ஒரே ஆண்டில் உலகம் முழுக்க சுமார் 11 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள், பெரும்பாலும் கல்லீரல் சுருக்கத்தாலும் கல்லீரல் புற்றுநோயாலும். தடுப்பூசி வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் இதுதான் நிலைமை.

மூவாயிரத்து இருநூறு எழுத்துகள்

ஆள் மிகச் சிறியவன். முழு வைரஸின் குறுக்களவு 42 நானோமீட்டர். உள்ளே இருக்கும் டிஎன்ஏவில் சுமார் 3,200 எழுத்துகள்தான். எச்ஐவிக்கு 9,000-க்கு மேல், கோவிட் வைரஸுக்கு ஏறத்தாழ 30,000. இவ்வளவு குறைந்த இடத்துக்குள் நான்கு மரபணுக்களை அடக்க வேண்டுமென்றால், ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டியதுதான். ஒரே வரிசையை ஓர் இடத்தில் தொடங்கி வாசித்தால் ஒரு புரதம். ஓரெழுத்து தள்ளி வாசித்தால் வேறொன்று. வைரஸின் மேலுறைப் புரதங்களுக்கான வரிசை முழுவதும், டிஎன்ஏவை எழுதும் அதன் பாலிமரேஸ் நொதிக்கான வரிசைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. எதற்கும் பயன்படாத எழுத்து என்று ஒன்றுகூட இல்லை.

வெளியே கொழுப்பாலான மேலுறை. அதில் பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று அளவில் புரதங்கள் பதிந்திருக்கும். அதற்குள் கோர் புரதத்தால் ஆன கூடு. கூட்டுக்குள் டிஎன்ஏ. இந்த டிஎன்ஏ பார்க்கவே விசித்திரமானது. இரண்டு இழைகளில் ஒன்றுதான் முழு நீளம். மற்றது பாதி வழியில் நின்றுபோனது. முழு இழையின் முனையில் பாலிமரேஸ் நொதி இன்னும் ஒட்டிக்கொண்டே இருக்கும். குறை இழையின் முனையில் ஒரு துண்டு ஆர்என்ஏ, அதாவது டிஎன்ஏவைப் பார்த்து எடுக்கப்படும் நகலின் துண்டு. ஏதோ வேலை பாதியில் நின்ற மாதிரி இருக்கிறதல்லவா? நிஜமாகவே அப்படித்தான், எப்படி நின்றது என்று பிறகு பார்ப்போம்.

வைரஸைப் பார்ப்பதற்கு முன்பே அதன் மேலுறைப் புரதத்தைத்தான் மனிதர்கள் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் பாரூக் பிளம்பெர்க், பல நாட்டு மக்களின் இரத்த மாதிரிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் இதுவரை பார்த்திராத ஒரு புரதத்தைக் கண்டார். 1965-ல் அதை 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று எழுதினார். இன்று ரிப்போர்ட்டில் ஹெச்பிஎஸ்ஏஜி என்று வருவது அதேதான். முழு வைரஸை 1970-ல் லண்டனில் டேவிட் டேன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். பிளம்பெர்க்குக்கு 1976-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-தான் உலக ஹெபடைட்டிஸ் தினம்.

ஏன் கல்லீரல் மட்டும்?

வைரஸ் இரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. மூளைக்கும் போகிறது, தசைக்கும் போகிறது. ஆனால் குடியேறுவது கல்லீரலில்தான். ஏன் என்ற கேள்விக்கு, வைரஸைக் கண்டுபிடித்து நாற்பது ஆண்டுகள் ஆகியும் விடை கிடைக்கவில்லை. ஆய்வகத்தில் வழக்கமாக வளர்க்கும் கல்லீரல் செல்களில் இந்த வைரஸைப் போட்டால் ஒன்றுமே நடக்காது. மனிதக் கல்லீரலிலிருந்து அப்போதுதான் பிரித்தெடுத்த செல்களிலும், டுபாயா என்ற, அணில் மாதிரியான ஆசியக் காட்டு விலங்கின் கல்லீரல் செல்களிலும்தான் பெரும்பாலும் தொற்றும். அந்தச் செல்களோ சில நாள் ஆய்வகத்தில் இருந்தாலே வைரஸை ஏற்கும் தன்மையை இழந்துவிடும். இப்படி ஒரு விலங்கையும், கிடைப்பதற்கரிய செல்களையும் வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை ஆண்டு போராடினார்கள் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

விடை 2012-ல் பெய்ஜிங்கில் கிடைத்தது. வென்ஹுயி லீயின் குழு, வைரஸின் பெரிய மேலுறைப் புரதத்தின் முனையில் உள்ள ப்ரீஎஸ்1 என்ற பகுதியைத் தனியாகச் செய்து, ஒளி பட்டால் பக்கத்தில் இருப்பதோடு இறுகப் பிணைந்துகொள்ளும் வேதிப்பொருளை அதில் சேர்த்தது. அதை டுபாயாவின் கல்லீரல் செல்களோடு கலந்து, ஒளியைப் பாய்ச்சி, அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார்கள். சிக்கியது என்டிசிபி என்ற புரதம். அதுவரை ஏற்காமல் இருந்த ஆய்வகச் செல்களுக்குள் என்டிசிபிக்கான மரபணுவை மட்டும் புகுத்தினார்கள், வைரஸ் தொற்றியது.

என்டிசிபிக்கு உடம்பில் வேறு வேலை இருக்கிறது. நாம் சாப்பிடும் கொழுப்பைக் கரைக்கக் கல்லீரல் பித்த உப்புகளைக் குடலுக்கு அனுப்புகிறது. அவற்றில் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தம் வழியாகக் கல்லீரலுக்கே திரும்பிவரும். வருவதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் வேலை என்டிசிபியுடையது. அதனால் அது கல்லீரல் செல்லில், இரத்தம் ஓடும் பக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறது. மற்ற உறுப்புகளுக்கு இந்த வேலை இல்லை. அங்கே வைரஸ் ஏறுவதற்கு வழியும் இல்லை.

முதலில் வைரஸ், செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகளில் லேசாக ஒட்டுகிறது. அது பலமான பிடி இல்லை. பிறகு ப்ரீஎஸ்1 பகுதி என்டிசிபியோடு இறுகச் சேருகிறது. இந்தச் சேர்க்கை எவ்வளவு துல்லியமானது தெரியுமா? மக்காக் குரங்கின் என்டிசிபி ஏறக்குறைய நம்முடையது மாதிரியேதான் இருக்கும். ஆனால் 158-வது இடத்தில் ஓர் அமினோ அமிலம் வேறு. அது ஒன்றே போதும், மக்காக்குக்கு இந்த வைரஸ் தொற்றுவதில்லை. கிழக்காசிய மக்கள் சிலரின் என்டிசிபியில் 267-வது இடத்தில் ஒரு மாற்றம் இருக்கிறது. அவர்களுக்கும் தொற்று நிலைப்பது குறைவு. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்து ஆய்விலிருந்து உருவான புலெவிர்டைட் என்ற மருந்து, ப்ரீஎஸ்1-ன் நகல் போன்றது. அது என்டிசிபியில் போய் உட்கார்ந்துகொண்டால் வைரஸுக்கு இடம் கிடைக்காது. ஹெபடைட்டிஸ் பி-யின் மேலுறையைக் கடன் வாங்கி வாழும் ஹெபடைட்டிஸ் டி வைரஸுக்கு எதிராக ஐரோப்பாவில் 2020-ல் இது அனுமதி பெற்றது.

ஒட்டிய வைரஸைச் செல் தன் சவ்வுப்பைக்குள் இழுத்துக்கொள்கிறது. மேலுறை கழல்கிறது. கூடு செல்லுக்குள் நகர்ந்து உட்கருவின் துளைக்கு வந்து சேர்கிறது. அங்கே கூடு பிரிய, டிஎன்ஏ உள்ளே போகிறது.

வளையம் உருவாகும் விதம்

வைரஸின் வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கட்டம் இதுதான். பொதுவாக எழுதப்படும் விளக்கங்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன.

உள்ளே வந்தது குறைபட்ட டிஎன்ஏ என்று சொன்னேன். நம் செல்லின் உட்கருவில் டிஎன்ஏ பழுதுகளைச் சரிபார்க்கும் நொதிகள் எந்நேரமும் வேலையில் இருக்கின்றன. வெயில், வேதிப்பொருள், செல் பிரியும்போது நேரும் பிசகு என்று நம் டிஎன்ஏவில் தினமும் பழுது உண்டாகிறது. அந்த நொதிகள் இல்லாவிட்டால் நாம் இல்லை. அவற்றுக்கு வைரஸின் டிஎன்ஏவும் பழுதுபட்ட டிஎன்ஏவாகத்தான் தெரிகிறது. ஒட்டியிருக்கும் பாலிமரேஸை வெட்டி நீக்குகின்றன. ஆர்என்ஏ துண்டை அகற்றுகின்றன. குறை இழையை நிரப்புகின்றன. முனைகளைச் சேர்த்து ஒட்டுகின்றன. இதற்கு நம் செல்லின் புரதங்களில் ஐந்து போதும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2020-ல் சோதனைக்குழாயிலேயே செய்து காட்டினார்கள். வைரஸ் தன் பங்குக்கு ஒன்றும் செய்வதில்லை. நம்மைக் காப்பாற்ற இருக்கும் ஏற்பாடே அதை முழுமையாக்கிக் கொடுத்துவிடுகிறது.

இப்படி முனையே இல்லாமல் மூடிக்கொண்ட இரட்டை இழை வளையத்தைத்தான் சிசிசி டிஎன்ஏ என்கிறார்கள். நம் குரோமோசோம்களைச் சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களே இதையும் சுற்றிக்கொள்கின்றன. பார்வைக்கு ஒரு குட்டி குரோமோசோம். ஒரு செல்லில் சில பிரதிகள்தான் இருக்கும், ஆனால் அவை அழியாமல் நிலைக்கும். கல்லீரல் செல் தோலின் செல்லைப் போல நாள்கணக்கில் உதிர்வதில்லை, மாதக்கணக்கில் வாழ்கிறது. வளையமும் அதோடு வாழ்கிறது. சொத்துக்கு மூலப்பத்திரம் எப்படியோ வைரஸுக்கு இந்த வளையம் அப்படி: வெளியே எத்தனை நகலைக் கிழித்துப்போட்டாலும், மூலம் பத்திரமாக இருக்கும்வரை புதிது எடுத்துக்கொண்டே இருக்கலாம்.

செல் இதைச் சும்மா விட்டுவிடுவதும் இல்லை. உட்கருவில் தனியாகத் திரியும் வளைய டிஎன்ஏவை அடையாளம் கண்டு, அதன் மேல் உட்கார்ந்து வாசிக்கவிடாமல் அடக்கிவைக்கும் ஒரு புரதக் கூட்டம் நம் செல்லில் உண்டு. எஸ்எம்சி5/6 என்பது அதன் பெயர். வைரஸின் மிகச் சிறிய புரதமான எக்ஸ் எதற்கு இருக்கிறது என்று நெடுங்காலம் தெளிவாகத் தெரியாமல் இருந்தது. எஸ்எம்சி5/6-ஐச் சிதைக்கத்தான் அது இருக்கிறது என்று 2016-ல் ஜெனிவாவைச் சேர்ந்த ஒரு குழு காட்டியது. அதையும் எக்ஸ் தானாகச் செய்வதில்லை. செல் தன் பழைய புரதங்களைக் கழிக்கப் பயன்படுத்தும் இயந்திரத்தை இழுத்து வந்து எஸ்எம்சி5/6 மேல் ஏவிவிடுகிறது.

கூட்டுக்குள் நடக்கும் எழுத்துவேலை

அடக்குமுறை நீங்கியதும், நம் மரபணுக்களை வாசிக்கும் அதே நொதி வளையத்தையும் வாசிக்கத் தொடங்குகிறது. பல நீளங்களில் ஆர்என்ஏக்கள் வெளியே வருகின்றன. சில மேலுறைப் புரதத்துக்கு, ஒன்று எக்ஸ் புரதத்துக்கு. எல்லாவற்றிலும் நீளமானதில் ஒரு வகை மிக முக்கியம்: சுமார் 3,500 எழுத்து, வளையத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி இன்னும் கொஞ்சம். இதற்கு இரண்டு வேலை. ஒன்று, கோர் புரதத்தையும் பாலிமரேஸையும் செய்யும் உத்தரவு இதில்தான் இருக்கிறது. இரண்டு, அடுத்த தலைமுறை வைரஸின் டிஎன்ஏ எழுதப்படுவதும் இதைப் பார்த்துத்தான்.

இங்கேதான் இந்த வைரஸ் மற்ற டிஎன்ஏ வைரஸ்களிலிருந்து விலகிப் போகிறது. டிஎன்ஏவிலிருந்து நேராக டிஎன்ஏ எடுக்காமல், ஆர்என்ஏ வழியாகச் சுற்றி வருகிறது. ரெட்ரோவைரஸ்கள் (பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்ட எச்ஐவியும் அந்த வகைதான்) மட்டுமே ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ எழுதும் என்று நினைத்திருந்த காலத்தில், 1982-ல், அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேஸ் மையத்தில் ஜெஸ்ஸி சம்மர்ஸும் வில்லியம் மேசனும் வாத்துகளைத் தாக்கும் இதன் உறவுக்கார வைரஸில் இதைக் கண்டுபிடித்தார்கள்.

கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நீள ஆர்என்ஏவின் முன்முனையில் ஒரு சிறு மடிப்பு இருக்கிறது, தண்டும் வளைவுமாக. புதிதாகப் பிறந்த பாலிமரேஸ் அந்த மடிப்பைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த கணமே அதுதான் அடையாளம் என்று கோர் புரதங்கள் சுற்றிலும் கூடத் தொடங்குகின்றன. பெரும்பாலான கூடுகளில் 240 புரதங்கள் சேர்ந்து, ஆர்என்ஏவையும் பாலிமரேஸையும் உள்ளே வைத்து மூடிக்கொள்கின்றன. இனி எல்லாமே கூட்டுக்குள். பாலிமரேஸ் தன் உடம்பிலேயே உள்ள ஒரு டைரோசின் அமினோ அமிலத்தின் மேல் முதல் டிஎன்ஏ எழுத்தை வைத்து, மடிப்பைப் பார்த்து மூன்று நான்கு எழுத்து எழுதுகிறது. உடனே நின்று, ஆர்என்ஏவின் மறுமுனைக்குத் தாவுகிறது. அங்கிருந்து முழு நீளத்துக்கும் முதல் இழையை எழுதிக்கொண்டே போகிறது. எழுதி முடித்த பகுதியின் ஆர்என்ஏவைப் பின்னாலேயே நறுக்கிக்கொண்டும் வருகிறது. கடைசியில் ஒரு துண்டு ஆர்என்ஏ மட்டும் மிஞ்சும். அந்தத் துண்டு இடம் மாறிப் போய் ஒட்டி, இரண்டாவது இழைக்குத் தொடக்கமாகிறது.

இரண்டாவது இழை முடிவதற்குள் கூட்டின் மேல் மேலுறை ஏறி, வைரஸ் செல்லைவிட்டுப் போய்விடுகிறது. வெளியே எழுத்துகள் கிடைக்காது. வேலை அங்கேயே நிற்கிறது. முதலில் பார்த்த அந்தக் குறை இழையும், ஒட்டியிருந்த பாலிமரேஸும், ஆர்என்ஏ துண்டும் இப்படி வந்தவைதான்.

சில சமயம் அந்த ஆர்என்ஏ துண்டு இடம் மாறத் தவறிவிடும். அப்போது வளையமாக வேண்டிய டிஎன்ஏ நேர்க்கோடாக நின்றுவிடும். பத்தில் ஒரு பங்கு வரை இப்படி ஆகிறது. இந்த நேர்க்கோட்டு டிஎன்ஏதான் பெரும்பாலும் நம் குரோமோசோம்களின் உடைந்த இடங்களில் போய்ச் சேர்ந்துகொள்கிறது. அது வைரஸுக்கு உதவாது, அதிலிருந்து புது வைரஸ் வராது. நமக்குத்தான் கெடுதல்: சேரும் இடம் செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவின் அருகில் அமைந்துவிட்டால் புற்றுநோய்க்கு ஒரு காரணமாகலாம். மேலுறைப் புரதத்தின் வரிசை அதில் முழுசாக இருந்தால், ஹெச்பிஎஸ்ஏஜி அங்கிருந்தும் வந்துகொண்டே இருக்கும்.

கூடுகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. எல்லாமே வெளியே போவதில்லை. சில திரும்பி உட்கருவுக்கே போய்ப் புது வளையங்களைச் சேர்க்கின்றன. தொற்றின் ஆரம்பத்தில் இது அதிகம் நடக்கிறது. வளையங்கள் போதிய அளவு சேர்ந்ததும் கூடுகள் பெரும்பாலும் வெளியேறத் தொடங்குகின்றன.

அப்புறம், வெறும் மேலுறைப் புரதம் மட்டுமே சேர்ந்த 22 நானோமீட்டர் உருண்டைகளும் இழைகளும். இவற்றில் டிஎன்ஏ கிடையாது, தொற்றவும் செய்யாது. ஆனால் இரத்தத்தில் ஒரு முழு வைரஸ் இருந்தால் இவை ஆயிரமாவது, சில சமயம் லட்சம்கூட இருக்கும். உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் இந்த வெற்று உருண்டைகளிலேயே ஒட்டித் தீர்ந்துவிடுகின்றன. இதே உருண்டையை மனிதர்கள் நல்லதுக்கும் திருப்பிக்கொண்டார்கள். முதல் தடுப்பூசி 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொற்றியவர்களின் இரத்தத்திலிருந்து இந்த உருண்டைகளைப் பிரித்துச் சுத்தப்படுத்தியது. 1986-ல் ஈஸ்ட்டில் அதே புரதத்தை வளர்த்து எடுக்கும் ஊசி வந்தது. இந்தியாவில் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் இதைத் தயாரித்து விலையைக் கீழே கொண்டுவந்தது பெரிய காரியம்.

கல்லீரலைக் கெடுப்பது யார்?

இத்தனை நடந்தும் செல் சாவதில்லை. இந்த வைரஸ் தான் குடியிருக்கும் செல்லைக் கொல்வதில்லை. கோடிக்கணக்கில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும்போதே கல்லீரல் தன் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்பது உண்மை. நம் நோயெதிர்ப்புச் செல்கள் அந்தச் செல்களை அடையாளம் கண்டு தாக்கும்போதுதான் அழற்சி, காமாலை எல்லாம்.

பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் ஆறு மாதத்துக்குள் அதை அடக்கிவிடுகிறார்கள். காமாலை வந்து போனாலும் போகலாம், வராமலும் இருக்கலாம். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளுக்கு நிலைமை தலைகீழ்: தடுப்பு ஏதும் இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு வாழ்நாள் தொற்றாகிவிடுகிறது. குழந்தையின் நோயெதிர்ப்பு இன்னும் பழகாதது. வைரஸை அந்நியமாக அது பார்ப்பதில்லை. வைரஸ் வெளியிடும் இ ஆன்டிஜென் என்ற புரதமும் இதற்குத் துணைபோகிறது என்று கருதப்படுகிறது. இருபது, முப்பது வருடம் அமைதியாக இருந்து, பிறகு நோயெதிர்ப்பு விழித்துக்கொண்டு அரைகுறையாகத் தாக்கும். அழியாத வைரஸ், ஓயாத தாக்குதல், தழும்பு மேல் தழும்பு. நாற்பது வயதில் சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) என்று தெரியவரும் பலருடைய கதை பிரசவ அறையில் தொடங்கியது.

மாத்திரையும் கீழாநெல்லியும்

இப்போது மாத்திரைக்கு வருவோம். டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் பாலிமரேஸை ஏமாற்றும் போலி எழுத்துகள். கூட்டுக்குள் டிஎன்ஏ எழுதும்போது அசல் என்று நினைத்து அதைச் சேர்த்தால், இழை அதற்கு மேல் ஒழுங்காக நீளாது. புது வைரஸ் வருவது ஏறக்குறைய நின்றுவிடும். ரிப்போர்ட்டில் ஹெச்பிவி டிஎன்ஏ (இரத்தத்தில் இந்த வைரஸின் டிஎன்ஏ) 'கண்டறியப்படவில்லை' என்று வரும். அழற்சி தணியும், தழும்புகூடப் பல பேருக்குக் குறையும், புற்றுநோய் ஆபத்து இறங்கும். இது சாதாரண விஷயமே இல்லை. 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இவை அரசு மையங்களில் இலவசமாகவும் கிடைக்கின்றன.

ஆனால் வளையம் மருந்துக்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. அதை வாசிப்பது நம் நொதி. டெனோஃபோவிர் அதைத் தொடுவதில்லை. அதனால் ஆர்என்ஏ வந்துகொண்டே இருக்கும், மேலுறைப் புரதம் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். டிஎன்ஏ நெகட்டிவ், ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று ஒரே தாளில் வருவதற்கு இதுதான் காரணம்; லேப் தப்பில்லை. மாத்திரையை நிறுத்தினால் கூட்டுக்குள் எழுத்துவேலை மீண்டும் தொடங்கும், சிலருக்குக் கடுமையான அழற்சியோடு. ஏற்கெனவே சிரோசிஸ் இருப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. ஹெச்பிஎஸ்ஏஜி முழுவதும் மறைந்துபோவது இந்த மாத்திரைகளில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு நடந்தாலே அதிகம்.

கீழாநெல்லியைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. காமாலை என்றாலே கீழாநெல்லிதான். அதை யாரும் அலட்சியமாக ஒதுக்கவும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராசனும் பிளம்பெர்க்கும் சேர்ந்து 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சென்னையில் வைரஸ் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நடந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. நியூசிலாந்து உட்பட வேறு இடங்களில் திரும்பச் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆய்வு நேர்மையாக நடந்தது, திரும்பச் சோதித்ததும் நேர்மையாக நடந்தது. முடிவை ஏற்கத்தான் வேண்டும். ஹெபடைட்டிஸ் ஏ போன்ற காமாலை எதுவும் சாப்பிடாவிட்டாலும் சில வாரங்களில் இறங்கிவிடும். கண்ணின் மஞ்சள் மறைவதை வைத்து மருந்தின் பலனைக் கணிக்க முடியாமல் போவது அதனால்தான். டெனோஃபோவிரை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிக்கு மாறுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

வளையம் எவ்வளவு பிடிவாதமானது என்பதைப் புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். இளவயதில் ஹெபடைட்டிஸ் பி வந்து முழுக்கக் குணமான ஒருவர். ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், டிஎன்ஏ நெகட்டிவ். பல வருடம் கழித்து லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காக ரிட்டுக்ஸிமாப் ஊசி போடுகிறார்கள். அது ஆன்டிபாடிக்குக் காரணமான பி செல்களை அழிக்கிறது. சில மாதங்களில் ஹெபடைட்டிஸ் பி திரும்ப எழுந்து கல்லீரலே செயலிழக்கலாம். எங்கோ சில செல்களில் வளையம் அடங்கிக் கிடந்திருக்கிறது. நோயெதிர்ப்பு அதை இத்தனை நாள் கட்டுக்குள் வைத்திருந்தது. இதனால்தான் இந்த மாதிரி சிகிச்சைக்கு முன் ஹெச்பிஎஸ்ஏஜி மட்டும் பார்த்தால் போதாது, ஆன்டி ஹெச்பிசி (கோர் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி) என்ற சோதனையும் வேண்டும். அது பாசிட்டிவ் என்றால், எப்போதோ வைரஸ் உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். அவருக்கு ரிட்டுக்ஸிமாப் தொடங்கும்போதே வைரஸ் மாத்திரையும் தொடங்கிவிடுவார்கள்.

வளையத்தை அணுகும் புது வழிகளும் வந்துகொண்டிருக்கின்றன. பெபிரோவிர்சென் என்ற ஊசி, வளையத்திலிருந்து வரும் ஆர்என்ஏவைச் சிதைக்கிறது. 2022-ல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில், முழு அளவு மருந்து பெற்றவர்களில் பத்தில் ஒருவருக்கு, ஊசி நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகும் ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்தே இருந்தது. வளையத்தையே வெட்டும் மரபணுத் திருத்த முயற்சிகளும் நடக்கின்றன. அங்கே பெரிய கவலை, நம் குரோமோசோமில் சேர்ந்துகிடக்கும் வைரஸ் துண்டும் கூடவே வெட்டுப்படும் என்பது.

வளையம் உருவாகாமலே தடுப்பதற்கோ இன்றே வழி இருக்கிறது. பிரசவத்தில் குழந்தையின் இரத்தத்துக்கு வந்த வைரஸ், கல்லீரல் செல்லை எட்டி நிலைபெற அவகாசம் வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஊசி அந்த அவகாசத்தில் நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது. தாய்க்குத் தொற்று இருந்தால், தயாராக உள்ள ஆன்டிபாடியான ஹெச்பிஐஜி ஊசியைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் சேர்த்துப் போடுகிறார்கள், ஒட்டுவதற்கு முன்பே வைரஸைப் பிடிக்க. பிறகு ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசிக்குள்ளேயே இதுவும் வருகிறது. தமிழ்நாடும் கேரளமும்தான் 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் அதைத் தொடங்கின. தைவான் 1984-லேயே குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கி, பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் சிறுவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் குறைந்ததைக் கண்ணால் பார்த்தது.

தாயின் இரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருந்தால் ஊசி மட்டும் சில சமயம் போதாது. ஒரு மில்லியில் 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் என்றால் கர்ப்ப காலத்திலேயே டெனோஃபோவிர் கொடுப்பது வழக்கம். அது தாய்க்கும் குழந்தைக்கும் பாதுகாப்பானது என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதற்கு ஹெச்பிஎஸ்ஏஜி சோதனையைக் கர்ப்பத்தின் முதல் மாதங்களிலேயே கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும், பிரசவ வலி வந்த பிறகு எடுத்தால் மாத்திரைக்கு நேரம் இருக்காது. ஊசிகள் போட்ட குழந்தைக்கு அந்தத் தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.